நாமா, நாங்களா?

எங்கள் அண்ணிக்கு லிஃப்ட் என்றால் பயம். கடைத்தெருவில் புதிதாகக் கட்டியிருக்கிற துணிக்கடைக்குப் போனால்கூட, கையில் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்கப் படியேறித்தான் வருவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? கடல் தாண்டி எங்கேயோ ஒரு ஊரில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தவள்தான்.

அந்த ஊரில் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். அது மலையையும் கடலையும் தாண்டி வந்து, எங்கள் வீட்டுப் படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற அண்ணியின் காதில் மணியடிக்கும். எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறான் என்று பார்த்து அனுப்புவாள். அவன் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் லைனை வைக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் சரி, பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் சரி, பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். ‘ஐ’ என்று சொல்லவே கூடாது, ‘வீ’ என்றுதான் சொல்ல வேண்டும். பேசுகிறது ஒற்றை ஆள் என்று தெரிந்தால் மாட்டிக்கொண்டவருக்குப் பயம் அதிகமாகுமாம். ஒரு கூட்டமே தனக்காகக் காத்திருக்கிறது என்று அவர் நினைக்க வேண்டுமாம். அதனால் அண்ணி ஒவ்வொரு அழைப்பையும் “வீ ஆர் ஹியர் வித் யூ” என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தக் கூட்டம் என்பது அண்ணி, பீரோ, நான் காயப்போட்ட துணி.

நான் அவளுடைய நாத்தனார். கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை. மருந்துக்கடையில் மாலை நேர வேலை என்பதால் மதியம் முழுக்க வீட்டில் இருப்பேன். அந்த ஊரில் காலை விடியும்போது இங்கே உச்சி வெயில். அண்ணி அப்போதுதான் வேலைக்கு உட்காருவாள். ஆக, அவள் பேசின பேச்சில் பாதியை நான் அரிசி களைந்துகொண்டே கேட்டிருக்கிறேன். என் அண்ணன் பஸ் டிரைவர். அவர்களுக்கு ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். நாலு பேரும் மூன்றாம் மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அண்ணிக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கூரியர் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிறந்ததும் அதை விட்டாள். மகள் வளர்ந்து தலைக்கு மேல் நின்றபோது, “இனிமே நான் என்ன பண்றது?” என்று என்னிடம்தான் கேட்டாள். மகள்தான் கம்ப்யூட்டரில் தேடி இந்த வேலைக்கு மனுப் போட்டாள். நேர்காணலில் ஒரே ஒரு உருப்படியான கேள்வி. மாட்டிக்கொண்டவர் அழுதால் என்ன செய்வீர்கள்? “அழட்டும்னு விடுவேன். அழுது முடிச்சதும் பேர் கேப்பேன்” என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது.

ஒருநாள் ஒரு பேராசிரியர் மாட்டிக்கொண்டார். மனுஷனுக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. அண்ணி அவரைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். அவர் பாதியில் திணறினார், இவள் எடுத்துக் கொடுத்தாள், இவளும் தப்பாகச் சொன்னாள், அவர் திருத்தினார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்த் தெருவெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தச் சந்தில் போனால் பாலத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்று மெக்கானிக்குக்கே வழி சொல்வாள். எங்கள் ஊரில் பாங்க் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் என்னைப் பார்த்து முழிப்பாள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, “இன்னிக்கு ஒரே மழை, பாவம் பசங்க நனைஞ்சுட்டே போறாங்க” என்பாள். வாசல் மணி அடித்தால் பழக்கதோஷத்தில், “கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க, ஆளை அனுப்புறோம்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருதரம் நிஜமாகவே தள்ளி நின்று, ரொம்ப நேரம் ஆளுக்காகக் காத்திருந்தார்.

அவளுடைய முதலாளிக்கு எங்கள் வீட்டில் பெயர் ‘நெற்றி’. வீடியோவில் வந்தால் கேமராவை எப்படி வைப்பாரோ, நெற்றியும் புருவமும்தான் தெரியும். வாய் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. “அம்மா, உன் நெற்றி கூப்பிடுறாரு” என்று மகள் கத்துவாள். அண்ணி தலையை ஒதுக்கிக்கொண்டு ஓடுவாள்.

அந்த நெற்றியிடமிருந்து ஒருநாள் செய்தி வந்தது. அண்ணி படித்தாள், மறுபடி படித்தாள், கம்ப்யூட்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

“வாயாடி, இதைக் கொஞ்சம் பாரு. நல்ல சேதியா கெட்ட சேதியா?”

வாயாடி என்பது நான். செய்தியை உங்களுக்குத் தமிழில் சொல்லலாம் என்றால், சொல்ல வருகிற இடத்திலேயே முட்டிக்கொள்கிறது. ஆகையால் அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். “அடுத்த மாதம் வீ புது இடத்துக்குப் போகிறோம். அவசர அழைப்புகள் எல்லாம் இனிமேல் ஒரே கூரையின் கீழ் வரும். இத்தனை காலம் பட்ட பாட்டுக்கு நன்றி. வீ இனிமேல் சின்னக் குடும்பம், ஆனால் இன்னும் நெருக்கமான குடும்பம்.”

இந்த ‘வீ’ நாமா, நாங்களா?

இது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். சாப்பாட்டு வேளையில் ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். “நாம சாப்பிடலாம்” என்றால் கையைக் கழுவிக்கொண்டு உட்காரலாம். “நாங்க சாப்பிடப் போறோம்” என்றால் செருப்பைத் தேட வேண்டும். நமக்கு இது பேசத் தொடங்குகிற குழந்தைக்கே தெரியும். அந்த மொழியில் ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இத்தனை காலம் எப்படித்தான் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் சாப்பிட்டார்களோ.

“இதுல என்ன குழப்பம்? நாமதான்” என்றான் அண்ணன், வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல். “குடும்பம்னு சொல்றாரு பாரு. குடும்பம்னு சொல்லிட்டு யாராவது வெளிய தள்ளுவாங்களா?”

“சின்னக் குடும்பம்னு சொல்றாருப்பா. ஏன் சின்னதாகுது? யாரோ போறாங்கன்னுதானே அர்த்தம்?” என்றாள் மகள்.

“போறவங்க வேற யாராவதா இருக்கும்.”

“பட்ட பாட்டுக்கு நன்றின்னா?” என்றேன் நான். “வேலையில இருக்கிறவங்களுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா? போறவங்களுக்குத்தான் சொல்வாங்க. இது நாங்கதான்.”

“உன் வாயில நல்லதே வராதா?” என்றான் அண்ணன்.

சாதம் ஆறிப்போகிற வரைக்கும் இதே பேச்சு.  அண்ணி மட்டும் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “ஒரே கூரைன்னா எந்தக் கூரை?” என்று கேட்டாள்.

வேறு நேரமாக இருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்போம். அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அண்ணியைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். பள்ளி ஆபீஸில் முன்மேஜைக்கு ஆள் வேண்டும். வருகிற பெற்றோர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவள் வேண்டும். “கத்துறவங்களைச் சமாளிக்கணும், உங்களுக்குப் பழக்கம்தானே?” என்று கேட்டிருக்கிறார். வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதிலே சேர்ந்தால் லிஃப்ட் வேலையை விட வேண்டும். லிஃப்ட் வேலை நிலைக்கும் என்றால் அதை விட அவளுக்கு மனசில்லை. நிலைக்காது என்றால் பள்ளிக்கூடத்தை விட்டால் ரெண்டும் போச்சு. மதில்மேல் பூனையாக உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் குதிப்பது என்பது அந்த ஒற்றைச் சொல்லில் இருந்தது.

“கேட்டுட வேண்டியதுதானே? வாயிலதானே வேலை பாக்குறீங்க” என்று நான் சத்தம் போட்டேன். எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் கிடந்தால் பொறுக்காது.

“என்னன்னு கேப்பேன்? என்னை விரட்டுறீங்களான்னா? அவரு அப்படி நினைக்கவே இல்லைன்னா, நானே நினைக்க வெச்ச மாதிரி ஆயிடாதா?”

அதுவும் நியாயம்தான். அம்மாவும் மகளும் உட்கார்ந்து ஒரு கேள்வி தயார் பண்ணினார்கள். ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல், யாரையும் புண்படுத்தாமல். மறுநாள் நெற்றி வீடியோவில் வந்தபோது அண்ணி கேட்டாள். அந்த ‘வீ’க்குள் நான் இருக்கிறேனா?

அப்படி ஒரு கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். புருவம் ரெண்டும் மேலே போனது. நெற்றி சுருங்கியது. அப்புறம் சிரிப்புச் சத்தம் வந்தது. “ஆஃப் கோர்ஸ்! வீ ஆர் ஆல் இன் திஸ் டுகெதர்!” என்றார்.

அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “பாத்தியா? ஆஃப் கோர்ஸ்னு சொல்லிட்டாரு.”

“எதுக்கு ஆஃப் கோர்ஸ்?” என்றேன்.

“நான் இருக்கேனான்னு கேட்டேன், ஆஃப் கோர்ஸ்னாரு.”

“இதுல எல்லாரும் ஒண்ணா இருக்கோம்னாரு. ‘இது’ன்னா எது? கஷ்டமா, கம்பெனியா, புது இடமா?”

அண்ணியின் முகம் மறுபடி வாடியது. நான் செய்தது தப்பு என்று தெரிகிறது, ஆனால் கேள்வி சரியான கேள்விதான். மகள் அகராதியை எடுத்தாள். அதுவோ எவ்வளவு புரட்டினாலும் கழுத்தை நீட்டாத ஆமை. கடைசியில் அவளும் அதை மூடி வைத்துவிட்டு, “ம்மா, எனக்கும் தெரியலம்மா” என்றாள்.

அப்போது வந்தது இன்னொரு செய்தி. அதில்தான் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைத்தோம். “உங்கள் குரலைப் பற்றி வாடிக்கையாளர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். புது இடத்திலும் ‘வீ’க்கு உங்கள் குரல் வேண்டும்.” கூடவே, கீழே உள்ள வாக்கியங்களைச் சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்பும்படி ஒரு வேண்டுகோள்.

“இப்ப என்ன சொல்றே?” என்று அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். “குரல் வேணும்னா ஆள் வேணும்னுதானே அர்த்தம்? குரலை மட்டும் தனியா கழட்டியா அனுப்ப முடியும்?”

என்னாலும் மறுக்க முடியவில்லை. குரல் வேண்டும் என்றால் ஆள் வேண்டும். இதில் என்ன பேச்சு இருக்கிறது? “சரி, நாமதான்” என்று ஒத்துக்கொண்டேன். அண்ணன் ஏதோ தானே கம்பெனி நடத்துகிற மாதிரி காலை நீட்டிக்கொண்டு, “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றான்.

பதிவு செய்த அன்றைக்கு நடந்த கூத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சத்தம் வரக் கூடாது என்று பீரோவின் ரெண்டு கதவையும் திறந்து, தொங்குகிற துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு அண்ணி நின்றாள். மின்விசிறியை நிறுத்தினோம். ஃபிரிட்ஜை அணைத்தோம். குக்கரை இறக்கினேன். அண்ணன் லீவு போட்டுவிட்டு மாடிப்படியில் காவலுக்கு நின்றான். வருகிறவர்களிடம் எல்லாம் வாயில் விரலை வைத்துக் காட்டினான். வீட்டில் யாருக்கோ உடம்பு ரொம்ப மோசம் என்று நினைத்து, கீழ்வீட்டு அம்மா கண் கலங்கித் திரும்பிப் போனார். துணிகளுக்குள்ளிருந்து வியர்வை சொட்டச் சொட்ட அண்ணியின் குரல் வந்தது. “வீ ஆர் ஹியர் வித் யூ. கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள். மெதுவாக மூச்சு விடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.” அதையே நாலு விதமாகச் சொன்னாள், அன்பாக, உறுதியாக, மெல்ல, இன்னும் மெல்ல. அப்புறம் எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டு.

“நம்பரெல்லாம் எதுக்கும்மா தனித்தனியா?” என்று மகள் கேட்டாள்.

“புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்க இருக்கும்” என்றாள் அண்ணி, துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து. முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். தன்னை வைத்து நாலு பேர் கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று நம்பினாள். நாங்களும் நம்பினோம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். போகும்போது நான் வாசல் வரைக்கும் போய், “நல்லா யோசிச்சுக்கோங்க அண்ணி. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிடப் போகுது” என்றேன்.

“எனக்கு அரசனும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். பாவம், மாட்டிக்கிட்டவங்களுக்கு நான்தான் பழக்கம்” என்றாள்.

மாதக் கடைசியில் அழைப்புகள் குறைந்தன. “எல்லா லிஃப்டும் நல்லா ஓடுது போல” என்று அண்ணி மகிழ்ந்தாள். அடுத்த நாள் இன்னும் குறைந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலிலிருந்து வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஊரில் ஒரு லிஃப்ட்கூடவா நிற்காது? நான் தலை சீவிக்கொண்டிருந்தேன், கடைக்குக் கிளம்ப வேண்டும்.

“ஹெட்செட்தான் கெட்டுப்போச்சு” என்றாள். “இரு, நானே பொத்தானை அமுக்கிப் பாக்குறேன்.”

சோதனை பண்ணுவதற்கு ஒரு எண் உண்டு. அதில் கூப்பிட்டால், லிஃப்டுக்குள் பொத்தானை அமுக்கின மாதிரியே அழைப்பு போகும். சுற்றி இவளுக்கே வந்து மணியடிக்க வேண்டும். நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். மணி இவளிடம் அடிக்கவில்லை. வேறு எங்கோ எடுத்தார்கள்.

“வீ ஆர் ஹியர் வித் யூ.”

என் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றது. அண்ணி பழக்கத்தில், மரியாதையாக, “குட் மார்னிங், நான் டெஸ்க்கிலிருந்து பேசுறேன்” என்று ஆரம்பித்தாள்.

“கதவை விட்டுத் தள்ளி நில்லுங்கள்” என்றது அது. அண்ணியின் குரல். அன்றைக்குத் துணிகளுக்குள் நின்று மூன்றாவது தரம் சொன்ன, மெல்லச் சொன்ன விதம்.

“யார் பேசுறது?” என்று அண்ணி அவர்கள் மொழியில் கேட்டாள்.

“மெக்கானிக் வருகிறார். இன்னும். பன்னிரண்டு. நிமிடங்கள்.” தனித்தனியாகச் சொன்னதைப் பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். நடுவில் ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது.

“யாரு நீ?” இந்தத் தடவை அண்ணி தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

“வீ ஆர் ஹியர் வித் யூ.”

அண்ணி லைனை வைக்கவில்லை. விதி அப்படி, கதவு திறக்கிற வரைக்கும் வைக்கக் கூடாது. அது பேசிக்கொண்டே இருந்தது, இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் போய் அணைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கும் சில சமயம் வாயை மூடத் தெரியும். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. நெற்றி பொய் சொல்லவில்லை. புது இடத்துக்குக் குரல் வேண்டும் என்றார், குரலை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன் என்று சொன்னேன் அல்லவா, அதை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளவும் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது குழப்பம்தான்.

அன்று ராத்திரி நான் கடையிலிருந்து திரும்பினபோது கடைசிச் செய்தி வந்திருந்தது. மகள்தான் படித்தாள். செய்ததற்கெல்லாம் நன்றி, உங்கள் குரல் என்றைக்கும் எங்கள் வீட்டில் ஒலிக்கும் என்று என்னென்னவோ இருந்தது. கடைசி வரி, “வீ வில் மிஸ் யூ.”

அந்த ‘வீ’க்கு மட்டும் வீட்டில் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

அண்ணன்தான், “பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே” என்றான். தனியாகப் போக அண்ணி கூச்சப்பட்டாள். மறுநாள் நானும் கூடப் போனேன். முன்மேஜையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, கத்துகிற ஒரு அப்பாவிடம் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை வெளியே வந்தார். அண்ணி சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அடடா, நாங்க வேற ஆள் போட்டுட்டோமேம்மா” என்றார்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். அண்ணி முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு தெளிவா சொன்னாங்க பாத்தியா வாயாடி? ‘நாங்க’ன்னாங்க. ஒரு சந்தேகம் வரல. அகராதி வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரே வார்த்தை, முடிஞ்சுது.” தெரு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

எங்கள் கட்டடத்துப் படியேறும்போது, ரெண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெயிலைப் பார்த்தாள். அங்கே விடிகிற நேரம்.

“இப்ப யாராவது மாட்டிக்கிட்டிருப்பாங்க” என்றாள். “பொத்தானை அமுக்குவாங்க. நான் பேசுவேன்.”

“நீங்க இல்ல அண்ணி, அது மெஷின்.”

“என் குரல்தானே? அவங்களுக்கு நான்தானே?” திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. “முன்னாடி நாங்க இருக்கோம்னு சொன்னப்போ நான் ஒருத்தியாவது இருந்தேன்டி. அழுதா கேட்டேன். பேர் கேட்டேன். இப்ப இருட்டுல நின்னுக்கிட்டு யாரோ அழுவாங்க, நாங்க கூடவே இருக்கோம்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். அங்க யாருமே இல்லையே. என் வாயால இப்படி ஒரு பொய்யை எத்தனை பேருக்குச் சொல்லப் போறேனோ.”

வேலை போனதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அழட்டும் என்று விட்டேன். அழுது முடிக்கிற வரைக்கும் அந்தத் திருப்பத்திலேயே பக்கத்தில் நின்றேன். அப்புறம் அவள் பையை வாங்கிக்கொண்டு, “வாங்க அண்ணி, நாம மேல போகலாம்” என்றேன்.